ஏழு சுரம், நான்கு கை

2012 செப்டம்பரில் பாரிஸின் சித்தே த லா முசீக் அரங்கில் நடந்த ஒரு கச்சேரி படமாக்கப்பட்டிருக்கிறது. அதை எத்தனை முறை பார்த்தேன் என்று என்னிடம் கணக்கில்லை. வாசிக்கிறவர்கள் இருவர்: ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியோர்ஜ் குர்டாக், அவர் மனைவி மார்த்தா. இருவருமே எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் முன் இருப்பது வீடுகளில் கூடத்துச் சுவரோரம் நிற்குமே, அந்த அப்ரைட் பியானோ. ஒரே வாத்தியத்தின் முன்னால் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகுதான் சபையைப் பார்த்திருக்கிறது. தங்கள் வீட்டில், மாலை நேரத்தில், தங்களுக்காக வாசித்துக்கொள்கிற இருவரை நாம் கதவோரம் நின்று கேட்பது போல ஒரு கூச்சம் முதல் சில நிமிடங்களுக்கு எனக்கு வரும். பிறகு அது போய்விடும்.

ஒலிதான் முதலில் வியக்க வைக்கிறது. அப்ரைட் பியானோக்கள் பலவற்றில் நடுவில் ஒரு பெடல் உண்டு. அதை அழுத்தினால் சுத்தியல்களுக்கும் தந்திகளுக்கும் இடையே ஒரு கம்பளித் துணிப் பட்டை இறங்கும். அடுத்த வீட்டுக்காரர் தூக்கம் கெடாமல் சாதகம் செய்வதற்காக ஏற்பட்ட வசதி அது. கச்சேரி வித்வான்கள் அதன் பக்கம் போவதில்லை. குர்டாக் அதையே தன் வாத்தியத்தின் குரலாக எடுத்துக்கொண்டார். சூப்பர்சோர்தினோ என்று அதற்கு ஒரு பெயர். ஒலியை அமுக்கும் சோர்தினோவுக்கும் மேலே ஒரு சோர்தினோ. துணி இறங்கியதும் சுரத்தின் விளிம்பு மழுங்குகிறது. சுத்தியல் தந்தியை அடிக்கும் அந்த முதல் கணத்தின் பளிச்சென்ற ஓசை போய், சுரத்தின் உடம்பு மட்டும் வருகிறது. தூங்கும் குழந்தை அருகில் இருக்கையில் வீட்டில் பேசுகிற குரல் அது. ஆயிரம் பேர் உட்கார்ந்த அரங்கில் அந்தக் குரலில் வாசித்தால் ஆயிரம் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் சாய்கிறார்கள். 1994இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குக்காக 'ஸ்டேலே' என்ற படைப்பை எழுதியபோதும், அத்தனை பெரிய வாத்தியக் குழுவின் நடுவில் இந்தத் துணி போர்த்திய சின்னப் பியானோவுக்கு அவர் ஓர் இடம் வைத்தார்.

அவருடைய படைப்புகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 'மனிதன் ஒரு மலர்' என்று பொருள்படும் ஹங்கேரியத் தலைப்பு. அதில் ஏழே சுரங்கள். ஏழு சுரத்தில் அமைந்த ராகம் என்ற பொருளில் சொல்லவில்லை. மொத்தப் படைப்பிலும் ஏழு முறைதான் விரல் இறங்குகிறது. தாளக் கோடு கிடையாது, எண்ணிக்கை கிடையாது. சுரங்களைப் பெரிய பெரிய வட்டங்களாக எழுதியிருக்கிறார். வடிவத்தைப் பார்த்தே எது நீளம், எது குட்டை என்று தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை நொடி என்ற கணக்கு இல்லை. நமக்கு இது புரிவது எளிது. குறிலும் நெடிலும் ஒன்றையொன்று வைத்துத்தானே அளவு பெறுகின்றன! நெடில் போதாத இடத்தில் அளபெடை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு யாரும் செய்யுள் படிப்பதில்லை.

அந்த ஏழு சுரங்களை நான் ஒரு முறை நண்பர் வீட்டுப் பியானோவில் தட்டிப் பார்த்தேன். விரலுக்குக் கஷ்டமே இல்லை. ஆறு வயதுப் பிள்ளை வாசித்துவிடும். ஆனால் முதல் சுரத்துக்கும் இரண்டாம் சுரத்துக்கும் இடையே எவ்வளவு காத்திருப்பது என்று தீர்மானிக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுக்கப் போதவில்லை. சீக்கிரம் போனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வெறும் பயிற்சிப் பாடமாகிவிடுகிறது. தாமதித்தால் முதல் சுரம் செத்துப்போய், இரண்டாவது அனாதையாக வந்து நிற்கிறது. நடுவில் ஓர் இடம் இருக்கிறது. முதல் சுரம் அடங்கிக்கொண்டே இருக்கும், இன்னும் அடங்கியிருக்காது. அப்போது இரண்டாவது வந்தால், முதலாவது அதைப் பெற்றெடுத்தது போல் கேட்கும். குர்டாக் தம்பதியின் வாசிப்பில் அந்த இடம் ஒவ்வொரு தடவையும் தப்பாமல் கிடைக்கிறது.

ஏழு சுரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் எடை இன்னும் கூடும். 16ஆம் நூற்றாண்டு ஹங்கேரியப் பிரசங்கியார் பேத்தெர் போர்னெமிஸாவின் உரைகளிலிருந்து சொற்களை எடுத்து, ஒரு பெண் குரலுக்கும் பியானோவுக்குமாகக் குர்டாக் 1963 முதல் 1968 வரை ஒரு பெரும் படைப்பை எழுதினார். அறிக்கை, பாவம், மரணம், வசந்தம் என்று நான்கு பகுதிகள். ஏறக்குறைய 40 நிமிடம். பாடகியையும் பியானோ வாசிப்பவரையும் ஒருசேரப் பிழிந்தெடுக்கும் சங்கதிகள். 1968இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் விழாவில் அது அரங்கேறியபோது பெரிய கவனம் பெறவில்லை. மனிதனை மலராகக் காண்கிற எண்ணம் அந்தப் படைப்பில்தான் முளைத்தது. அவ்வளவு பெரிய மரத்திலிருந்து ஒரு பூவைப் பறித்துப் புத்தகத்துக்குள் வைத்ததுதான் அந்த ஏழு சுரம்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'யாட்டேகோக்', அதாவது 'விளையாட்டுகள்'. ஒரு வாத்தியத்தை நாம் 'வாசிக்கிறோம்'. எழுத்துக்கும் இசைக்கும் ஒரே வினை. ஹங்கேரியர்களுக்குப் பிள்ளை மணலில் ஆடுவதற்கும் வித்வான் பியானோவில் அமர்வதற்கும் ஒரே வினை. அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிற உறவைக் குர்டாக் மெய்யாகவே எடுத்துக்கொண்டார். 1973இல் மரியான் தெயோகெ என்ற பியானோ ஆசிரியை பிள்ளைகளுக்காகச் சில துண்டுகள் கேட்டதில் தொடங்கியது. 1979இல் முதல் நான்கு தொகுதிகள் வந்தன. பிறகு தொகுதி தொகுதியாக வாழ்நாள் நெடுக வளர்ந்துகொண்டே போயிற்று. வாத்தியத்தைப் புதிதாகக் கண்ட பிள்ளை என்ன செய்யும்? உள்ளங்கையால் அறையும். முழங்கையை வைத்து அழுத்தும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகத்தால் வழித்துக்கொண்டு போகும். ஆசிரியர்கள் முதல் வேலையாக அடக்கி வைக்கிற இந்தச் செய்கைகளுக்கெல்லாம் குர்டாக் குறியீடு வகுத்து, அவற்றிலிருந்தே பாடம் தொடங்குகிறார். ஒரு துண்டு முழுக்க முழுக்க வழிப்புதான்: வெள்ளைக் கட்டைகள் மேல் ஓர் அலை, கறுப்புக் கட்டைகள் மேல் இன்னோர் அலை. கண்டெடுத்த பொருள் என்று அதன் தலைப்பிலேயே ஒரு குறிப்பும் உண்டு. சைகோவ்ஸ்கிக்கு வணக்கமாக எழுதிய இன்னொன்றில், அவருடைய முதல் பியானோ கான்செர்ட்டோவின் தொடக்கத்தில் வருகிற பிரமாண்டமான சுரக் கொத்துகளை இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்தே வாசிக்க வேண்டும். ஒரு சுரம்கூடச் சரியாக இருக்காது. ஆனால் கேட்டவுடன் சைகோவ்ஸ்கி என்று தெரிந்துவிடுகிறது! அந்த இசையின் அசைவு, தோளிலிருந்து கை விழும் விதம், அதுதான் அதன் அடையாளமாக இருந்திருக்கிறது; சுரங்கள் அப்புறம்.

எனக்கு மிகப் பிடித்தது ஸி என்ற ஒரே சுரத்தில் எழுதிய வால்ஸ் நடனம். பியானோவின் 88 கட்டைகளில் ஸி எட்டு இடங்களில் வருகிறது. அந்த எட்டை விட்டால் வேறு எதையும் தொடுவதில்லை. ஷட்ஜம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மந்தரத்தில் ஒன்று, தாரத்தில் இரண்டு என்று மூன்று எண்ணிக்கையில் ஆடுகிறது. இல்லாத சுரங்களையெல்லாம் காது தானாக நிரப்பிக்கொள்கிறது. கீழே விழுகிற ஸி நடனக்காரனின் குதிகால். மேலே துள்ளுகிற இரண்டும் பாவாடை விளிம்பு. சற்று தயங்கி ஒரு ஸி வந்தால் அதற்குள் ஒரு கண்சிமிட்டல். சுரபேதமே இல்லாமல் பாவத்தை வெறும் உயரத்தாலும் காலத்தாலும் அழுத்தத்தாலும் காட்ட முடியும் என்பதை ஒரு நிமிடத்துக்குள் காதுக்கு நிரூபித்துவிடுகிறார்.

எல்லாத் துண்டுகளும் இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். பிந்தைய தொகுதிகளுக்கு 'நாட்குறிப்புகள், தனிப்பட்ட செய்திகள்' என்று துணைத் தலைப்பு உண்டு. நண்பர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, இறந்தவர்களுக்கு அஞ்சலி என்று வருபவற்றில் சில எனக்கு உறை பிரிக்காத கடிதங்களாகவே நின்றுவிட்டன. யாருக்கு எழுதினாரோ அவருக்குத்தான் அவை திறக்கும் போலிருக்கிறது.

இவ்வளவு சுருக்கம் எளிதில் வந்ததில்லை. குர்டாக் 1926 பிப்ரவரி 19 அன்று ருமேனியாவின் பனாத் பகுதியில் உள்ள லுகோஜ் ஊரில் ஹங்கேரிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிள்ளைப் பிராயத்திலேயே அம்மாவோடு ஒரே பியானோவில் நான்கு கையாக வாசித்தவர். பின்னாளில் மேடையில் மனைவியோடு அமர்ந்தபோது, பக்கத்தில் ஒரு தோள் இருக்கும் பழக்கம் அவருக்கு அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பேலா பார்டோக் அமெரிக்காவிலிருந்து திரும்பி வருவார், அவரிடம் கற்கலாம் என்ற கனவோடு புடாபெஸ்ட்டை நோக்கியிருந்த இளைஞர் தலைமுறை அது. பார்டோக் 1945 செப்டம்பரில் நியூயார்க்கில் இறந்துபோனார். லிஸ்ட் இசைக் கழகத்தில் குர்டாக்குக்குக் கிடைத்தது வேறொரு செல்வம்: அதே போல் வந்து சேர்ந்த ஜியோர்ஜ் லிகெத்தியின் வாழ்நாள் நட்பு. பியானோவைப் பால் கடோஷாவிடமும் சிறு குழு இசையை லியோ வெய்னரிடமும் பயின்றார். 1947இல் உடன் பயின்ற மார்த்தாவை மணந்தார்.

1957இல் பாரிஸுக்குப் போனார். மெஸ்ஸியான், மியோ ஆகியோரின் வகுப்புகளில் அமர்ந்தார். வெபர்னின் படைப்புகளைத் தன் கையால் பிரதி எடுத்தார். ஆனால் சொந்தமாக ஒரு வரியும் எழுத முடியாமல் உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருந்தார். தீக்குச்சிகளை வைத்து உருவங்கள் அடுக்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மரியான் ஸ்டைன் என்ற உளவியலாளர் அவருக்குச் சொன்ன வழி மிகச் சிறியது: இரண்டே இரண்டு சுரங்களை எடுத்துக்கொண்டு அவற்றை இணைத்துப் பார். அந்த இரண்டு சுரத்திலிருந்து மெல்ல எழுந்து, ஊர் திரும்பி, 1959இல் நான்கு தந்தி வாத்தியங்களுக்கான ஒரு படைப்பை முடித்து, அதற்கு 'ஓபஸ் 1' என்று எண் போட்டார். அதை ஸ்டைனுக்கே காணிக்கையாக்கினார். அதற்கு முன் எழுதியவை இல்லாமல் இல்லை. ஆனால் 33 வயதில், முதல் எண்ணை அதற்குத்தான் கொடுத்தார். நண்பர் வீட்டுப் பியானோவில் இரண்டு சுரத்துக்கு நடுவே நான் தவித்த அந்தப் பிற்பகலில் ஸ்டைனின் பேச்சுத்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

1967 முதல் அதே இசைக் கழகத்தில் ஆசிரியர். அங்கே அவர் பியானோவும் பிறகு சிறு குழு இசையும் சொல்லிக்கொடுத்தார். இசையமைப்பு வகுப்பு எடுக்கவில்லை. ஸோல்தான் கோச்சிஷ், ஆந்த்ராஷ் ஷிஃப் போன்ற பியானோ மேதைகள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். தாளக் கோடுகளுக்கு இடைப்பட்ட இரண்டு மூன்று அளவுகளிலேயே ஒரு வகுப்பு முழுதும் கழிந்துவிடும் என்பது அவர் மாணவர்கள் எல்லோரும் சொல்வது. வாயால் பாடிக் காட்டுவார், கையால் வரைந்து காட்டுவார், திரும்ப வாசி என்பார். எழுதுகிறவர் வேறு, வாசிக்கிறவர் வேறு என்ற பிரிவு அவரிடம் இல்லை. தாளில் ஒரு சுரத்தை இடும்போதே அது எந்த விரலில், எந்த எடையில் இறங்க வேண்டும் என்று அவருடைய கைக்குத் தெரிந்திருக்கிறது.

இனி பாக்கிடம் வர வேண்டும். தம்பதியின் கச்சேரிகளில் 'விளையாட்டுகள்' துண்டுகளும், நான்கு கைக்கென்று குர்டாக் மாற்றி எழுதிய பாக் படைப்புகளும் மாறி மாறி வரும். அவற்றில் ஒன்று, பாக் 22 வயதையொட்டி எழுதிய இறுதிச் சடங்குக் கான்டாட்டாவின் தொடக்கம். மூலத்தில் இரண்டு புல்லாங்குழல்கள், இரண்டு வயலா ட கம்பாக்கள், கீழே தாங்கும் பாஸ். மொத்தம் 20 அளவுகள். கம்பாக்கள் ஒரே நடையில் நாடி போலத் துடித்துக்கொண்டிருக்க, குழல்கள் ஒரே சுரத்தில் சேர்ந்து நிற்கும், பிறகு ஒன்று அங்கேயே நிற்க மற்றது பக்கத்துச் சுரத்துக்கு நடுங்கி விலகும், உடனே திரும்பும், அடுத்து இது நிற்க அது விலகும். இருவர் கைகோத்து நடக்கையில் ஒருவர் அரை அடி பின்தங்கிச் சேர்ந்துகொள்வது போல.

இரண்டு குழலுக்கு இது இயல்பு. பியானோவில் ஒரு கட்டையை ஒரே நேரத்தில் இரண்டு விரல் அழுத்த முடியாது. ஒன்று இடம் விட்டால்தான் மற்றது இறங்கலாம். ஆகவே கேட்பவருக்கு அன்பாகத் தெரிவது, வாசிக்கிறவருக்குக் கட்டைமேல் நடக்கும் நிஜமான விட்டுக்கொடுத்தல். கைகள் ஒன்றின் குறுக்கே ஒன்று போகின்றன. படத்தில் நான் கவனித்தது இது: துடிக்கும் நடைக்குத் துளியும் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவு மென்மை. ஆனால் இயந்திரத்தின் ஒழுங்கு கிடையாது. மேலே குழலின் சுரம் விலகித் திரும்புகிற இடத்தில் கீழே இருக்கிற கை ஒரு மயிரிழை பொறுக்கிறது. தாளம் தவறியது என்று யாரும் சொல்ல முடியாது. பொறுத்தது காதுக்குத் தெரியும், அவ்வளவே. அறுபது ஆண்டுக்கு மேல் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்த மயிரிழை கைவரும். பியானோ வாசிப்பில் இதற்கு இணையான ஓர் இருபது அளவை நான் கேட்டதில்லை. எத்தனையோ பெரிய பெரிய சொனாட்டாப் பதிவுகளை விட்டுக்கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்வேன்.

அவரே பியானோவை நடுவில் வைத்து எழுதிய பெரிய படைப்பு 'குவாசி உனா ஃபந்தாசியா'. 1988இல் பெர்லினில் கோச்சிஷ் வாசித்து அரங்கேறியது. பெத்தோவன் தன் ஓபஸ் 27இன் இரண்டு சொனாட்டாக்களுக்கும் இட்ட பெயர்தான் அது. குர்டாக்கும் தன் வரிசையில் இதற்கு ஓபஸ் 27, எண் 1 என்றே இடம் கொடுத்தார். பியானோவைச் சுற்றி வாத்தியக்காரர்கள் அரங்கத்தின் வெவ்வேறு மூலைகளில் சிதறி உட்கார்ந்திருப்பார்கள். பியானோ எடுத்தவுடன் செய்வது, மேலிருந்து கீழாக ஓர் இறங்கு வரிசை. பியானோ கற்கிற பிள்ளை முதல் மாதத்தில் வாசிக்கிற அதே வரிசை. கேட்டும் கேட்காத மென்மையில், ஒவ்வொரு படியிலும் தயங்கித் தயங்கி. மூலைகளிலிருந்து மணிகளும் தாள வாத்தியங்களும் தொட்டும் தொடாமலும் பதில் தருகின்றன. பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கம் இருட்டில் படிக்கட்டு இறங்குவதாக மாறிவிடுகிறது.

காஃப்காவின் குறிப்புகளிலிருந்து ஒரு குரலுக்கும் ஒரு வயலினுக்கும் எழுதிய 40 துண்டுகளையும் இங்கே விரிக்க ஆசைதான். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

சிறியதையே செதுக்கியவர் 90 வயதைக் கடந்து ஓர் ஓப்பராவை முடித்தார். பாரிஸில் நொறுங்கிக் கிடந்த அதே 1957இல், லிகெத்தி சொல்லிப் போய்ப் பார்த்த நாடகம் சாமுவேல் பெக்கெட்டின் 'ஃபேன் த பார்த்தி'. அறுபது ஆண்டு அது அவருக்குள் கிடந்தது. 2018 நவம்பர் 15 அன்று மிலானின் லா ஸ்காலாவில் அது ஓப்பராவாக அரங்கேறியபோது அவருக்கு 92 வயது. பயணம் செய்ய முடியாததால் அவரால் போக முடியவில்லை. இரண்டு மணி நேர இசை. பெரிய வாத்தியக் குழு. ஆனால் எல்லோரும் ஒருசேர ஒலிக்கும் தருணங்கள் அரிது. ஒரு சொல்லுக்கு ஒரு கிளாரினெட், ஒரு பெருமூச்சுக்கு ஒரு டிரம் வருடல். குப்பைத் தொட்டிக்குள் வாழும் கிழவி நெல் ஒரு சொல்லைத் தொடங்கி நிறுத்தினால், அந்த நிறுத்தத்தின் நீளத்துக்கும் எடை பார்த்து ஒரு சுரம் வைத்திருக்கிறார். கிழவனும் கிழவியும் அடுத்தடுத்த தொட்டிகளிலிருந்து ஒருவரையொருவர் எட்ட முயலும் இடத்தைக் கேட்கையில், அப்ரைட் பியானோ முன்னால் இருந்த இரண்டு முதுகுகளை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

எழுதியதையெல்லாம் முதலில் கேட்டவர் மார்த்தாதான். இருக்கட்டும் என்றும் வேண்டாம் என்றும் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. ஓப்பரா அரங்கேறி ஓராண்டு நிறைவதற்குள், 2019 அக்டோபர் 17 அன்று அவர் மறைந்தார். 72 ஆண்டு இல்லறம்.

'மனிதன் ஒரு மலர்' துண்டுக்கு நான்கு கைக்கான ஒரு வடிவமும் இருக்கிறது. 'ஒன்றையொன்று தழுவும் ஒலிகள்' என்று அதற்குத் துணைப்பெயர். அவரும் மார்த்தாவும் அதை வாசித்த பதிவைப் போட்டால், சுரங்கள் விழும் வரிசையை மட்டும் வைத்து எது யாருடைய விரல் என்று சொல்ல முடியாது. நான் பலமுறை கண்ணை மூடிக்கொண்டு முயன்றிருக்கிறேன். ஒரு சுரம் இறங்கும். அது அடங்கத் தொடங்கும். அடங்கி முடிவதற்குள் இன்னொன்று வந்து அதன் கீழே கையை வைக்கும்.